எழும்பிப் போனவளின் குடை

முதலில் மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இறந்துபோனவருக்குக் கடிதம் எழுதச் சொல்லும் ஒரு பயிற்சி நாம் படித்த காலத்து உளவளத்துணைப் பாடத்தில் வந்ததே, நினைவிருக்கிறதா? பின் வரிசை வாங்கிலிருந்து என் காதுக்குள் நீ கேட்டாய்: "எழுதி முடிச்சுத் தபால்காரரிட்டக் குடுத்தா, அந்த மனிசன் பாவம், எங்க மனே கொண்டுபோய்ப் போடுற?" சிரிப்பை அடக்கப்போய் எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று நினைத்து, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார் விரிவுரையாளர். இப்போது யாரும் சொல்லாமலே அந்தப் பயிற்சியை நானாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

உன் குடைதான் காரணம். வெள்ளிக்கிழமை பயிற்சி அறை அலுமாரியில் பெரிய தாள்கள் எடுக்கப்போனேன். தாள்களுக்குப் பின்னால் அது சாய்ந்து நின்றது. கறுப்பு வெளிறிப் பழுப்பாகிவிட்டது. முறிந்த கம்பியில் நீ சுற்றிய சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. அறையில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு விரித்தேன். தூசியோடு சேர்ந்து கராம்பு மணம் வந்தது. பல்வலிக்கென்று தொடங்கி, பல்லைப் பிடுங்கிய பிறகும் நீ விடாமல் மென்ற அதே கராம்பு. மடிப்பிலிருந்து ஒன்று உதிர்ந்து மேசையில் உருண்டது. அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தாள்களை எடுக்க மறந்துவிட்டேன்.

உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஊர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். உன் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்று நான் எழுதினால், அது வேறோர் ஊர் என்று உனக்குத் தெரியும். ஒருவருடைய கதையை எழுதும்போது ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியதை எல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறவள், கடிதம்தானே என்று அதை விட்டுவிட முடியாது.

நாம் இருவரும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வந்தவர்கள். இரண்டு வீட்டிலும் முதலில் பட்டம் பெற்றவர்கள் நாம்தான். மட்டக்களப்பு நகரத்தில் சமூகப்பணி டிப்ளோமா படிப்பிக்கும் நிறுவனத்தில் இருவருக்கும் ஒன்றாகவே பயிற்றுநர் வேலை கிடைத்தது. அந்தச் செய்தியோடு நான் வீட்டுக்குப் போனபோது, வயல் வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "என்ன மனே படிப்பிக்கப் போற?" என்று கேட்டார்.

"கஸ்டத்தோட வாற ஆக்கள்ட கதையை எப்பிடிக் கேக்கிற எண்டு, அப்பா."

"கதை கேக்கிறதுக்குமா படிப்பு? சந்தியில எல்லாரும் சும்மாதானே கேக்கிறாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் உன்னிடம் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்பா சொல்றது சரி. சந்தியில கேக்கிறாங்க. மறுகா அந்தச் சந்தியிலேயே விக்கிறாங்க. விக்காம இரிக்கத்தான் நாம படிச்ச" என்றாய். அப்பாவிடம் போய் அதை அப்படியே சொன்னேன். அவர் "அப்ப அது பெரிய படிப்புத்தான்" என்றார்.

வகுப்பின் முன்னால் நின்றால் என் குரல் தொண்டையைத் தாண்டாது. "உன்ட குரலை ஆரும் களவெடுக்க மாட்டாங்க, வெளிய எடு" என்பாய். அதனால்தான் நடித்துக் காட்டிப் படிப்பிக்கும் நடிபாக வகுப்பை நாம் பங்கு போட்டுக்கொண்டோம். மேசைக்கு இந்தப் பக்கம் சமூகப்பணியாளராக நான். கேட்பவளாக இருப்பதால் அதிகம் பேசத் தேவையில்லை. அந்தப் பக்கத்துக் கதிரையில், உதவி தேடி வரும் சேவைநாடியாக நீ. உனக்கு வேண்டியது எல்லாம் இந்தக் குடை ஒன்றுதான். அதை ஊன்றினால் முதியோர் கொடுப்பனவு கேட்டு வந்த கிழவர். இடுப்பில் சாய்த்தால் கைக்குழந்தையோடு வந்த தாய். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தால், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, சொந்த ஊரில் யாரையும் நம்பாத ஒருத்தி. மாணவர்கள் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

கதிரையில் நீ இருந்தவுடன் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஊர் பிள்ள? ஆர்ட மகள்?" ஊர் தெரிந்தால் வீடு தெரியும். தாய்வழிக் குடியும் தெரிந்துவிட்டால் முறை தெரியும்: சித்தியா, மாமியா, மச்சாளா. முறை சொல்லி அழைத்தவுடன் வந்தவரின் முகம் மலரும், இறுகிய தோள் இறங்கும். நல்லுறவு கட்டுவது பற்றிப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை நம் பக்கத்தார் இரண்டு கேள்வியில் முடித்துவிடுவார்கள் என்று மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்வோம். நீயும் சொல்லியிருக்கிறாய்.

பிறகு பாடத்திட்டத்தில் ஓர் அரை நாள் வகுப்பு புதிதாக வந்து சேர்ந்தது. ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் உதவி தேடி வரும்போது சமூகப்பணியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பாடம். காலையில் நான் சொற்களுக்கு விளக்கம் எழுதிய படங்களைத் திரையில் காட்டினேன். பையன்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பகிடிக்காரன் ஒருவன் எழும்பி, "மிஸ், இது கொழும்புப் பக்கத்து விசயம். நம்மட பக்கம் இல்லயே" என்றான். வகுப்பு சிரித்தது.

நீ மூலையிலிருந்து கேட்டாய்: "அப்பிடியா தம்பி? கொழும்பு பஸ்ஸில ஏறித்தான் வரவேணும் எண்டு இரிக்கா?"

அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு பிள்ளை பயந்த குரலில் கேட்டாள்: "இதைக் குற்றமெண்டு சொல்ற பழைய சட்டம் இன்னும் இரிக்கெண்டு சொல்றாங்களே மிஸ். அப்பிடி ஒருத்தர் நம்மட்ட வந்தா, நாம பொலிசுக்குச் சொல்லவேணுமா?"

நீ குடையைக் கீழே வைத்தாய். "ஒரு பெண்ணை விரும்புறன் எண்டு ஒருத்தி உன்னட்ட வந்து சொன்னா, அதை எங்கயும் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை உனக்கு இல்ல. அவளுக்கு என்ன உதவி வேணும் எண்டு கேக்கிறதுதான் உன்ட வேலை." அப்போது உன் குரலில் பகிடி ஒரு துளியும் இல்லை. சட்டக் கேள்வி என்பதால் அப்படிப் பேசுகிறாய் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு நடிபாகம். நீ குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து இருந்தாய். அப்படி நீ பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

"வாங்க. எந்த ஊர் பிள்ள?"

"கொக்கட்டிச்சோலைப் பக்கம்."

"அட, நம்மட பக்கம்! ஆர்ட மகள்?"

ஒரு கற்பனைப் பெயர் சொன்னாய். நான் ஒரு கற்பனைக் குடி கேட்டேன். நீ பதில் சொன்னாய். "அப்ப நீங்க எனக்கு மச்சாள் முறை!" என்றேன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. வகுப்பும் சிரித்தது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று மனதுக்குள் நிம்மதி. "சொல்லுங்க மச்சாள், என்ன பிரச்சினை?"

நீ ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு வசனம் மறந்துவிட்டது என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நான் கண்ணால் சைகை செய்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, குடைப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு எழும்பினாய். "ஒண்டும் இல்ல. தலையிடி. வாறன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போய்விட்டாய்.

வகுப்பு ஓ என்று சிரித்தது. நான் மேசையில் தனியாக, யாருக்கோ மச்சாளாக, இருந்தேன்.

நீ திரும்பி வந்து கதவிலேயே நின்று கேட்டாய்: "சொல்லுங்க பாப்பம். நான் ஏன் எழும்பிப் போனன்?"

வெட்கம் என்றான் ஒருவன். மிஸ் சிரித்ததனால் என்றாள் ஒருத்தி. கடைசியில், கல்குடாவிலிருந்து வந்து படித்த அந்த அக்கா, வகுப்பிலேயே வயதில் மூத்தவர், எழும்பாமலே சொன்னார்: "மிஸ் மச்சாளாப் போயிட்டா. ஆபீசில உள்ள ஆளெண்டா அந்தப் பிள்ளை சொல்லியிருக்கும். மச்சாளிட்ட எப்பிடிச் சொல்ற? மச்சாள் மாமிட்டச் சொல்லுவா, மாமி அம்மாட்டச் சொல்லுவா. இந்தப் பிள்ளை பஸ்ஸால இறங்க முதல் கதை வீட்டுக்குப் போய்ச் சேந்திரும்."

பகிடிக்காரன்கூட மேசையைப் பார்த்தான். "கதவைத் திறந்துகொண்டுதான் ஆக்கள் வாறாங்க. நாமதான் உறவு சொல்லிப் பூட்டுறம்" என்று நீ சொன்னது அப்போதுதான்.

அன்று பின்னேரம், பாலத்தால் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பாதையால் போவோம் என்றாய். வாவியைக் கடக்கும் இரும்பு மிதவைக்கு ஏன் பாதை என்று பெயர் என வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். நமக்கு அது ஒருநாளும் கேள்வியாகத் தோன்றியதில்லை. சுற்று வழி என்று நான் முணுமுணுத்தேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிதவையில் மோட்டார் சைக்கிள்கள், பால் கான்களோடு ஒருவர், நெல் மூட்டையில் சாய்ந்து தூங்கும் ஒருவர். நாம் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று வந்த பக்கமாக நீ குடையை விரித்துப் பிடித்தாய். அந்தப் பக்கத்தில்தான் ஆட்களும் இருந்தார்கள்.

"நான் எழும்பிப் போனது நடிப்பில்ல மனே."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிக்கிற காலத்தில ஒருக்கா உளவளத்துணைக்குப் போன நான். நித்திரை வாறதில்ல, சாப்பிட ஏலாது. அங்க இருந்த அக்கா நல்ல மனிசி. எந்த ஊர், ஆர்ட மகள் எண்டு ஆசையாக் கேட்டா. எனக்குச் சித்தி முறை. தேத்தண்ணி போட்டுத் தந்தா. குடிச்சிட்டு, தலையிடிக்கு மருந்து கேட்டு வந்த எண்டு சொல்லிட்டு வந்திட்டன்."

பிறகு, நீ நேசிக்கும் அவளைப் பற்றிச் சொன்னாய். அவளுடைய பெயரை, தையல் வேலையை, உன் சட்டையின் கை நீளம் அவளுக்கு அளக்காமலே தெரியும் என்பதை. அந்தப் பெயரையும் எழுதமாட்டேன். அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதலாம்: பரீட்சை பாஸ் என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குச் சொல்ல ஓடும் பிள்ளையின் முகம். ஆனால் நீ எந்த வீட்டுக்கும் ஓட முடியாது.

"இது உன்னோட நிக்கட்டும்" என்றாய். "அம்மா தாங்குவா எண்டுதான் நினைக்கிறன். ஊர் தாங்காது. நாளைக்குத் தங்கச்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு வராது."

"ஓம்" என்றேன்.

உணர்வை எப்படித் திருப்பிச் சொல்வது, கேட்டதை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று நான் மாணவர்களுக்குப் படிப்பித்த எதுவும் எனக்கு அப்போது உதவிக்கு வரவில்லை. ஏதாவது பேச வேண்டும், ஆனால் எதையும் கேட்கக் கூடாது. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்: "கராம்பு இரிக்கா?"

நீ சிரித்தாய். பால் கான்காரர் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரும்படி சிரித்தாய். "இவ்வளவையும் கேட்டிட்டு இவள் கராம்பு கேக்கிறாள்!" ஒன்றை எடுத்துத் தந்தாய். நாக்கு எரிந்தது. மிதவை கரையில் முட்டும்வரை நாம் இருவரும் மென்றுகொண்டு நின்றோம். என் வாழ்நாளில் நான் நன்றாகக் கதை கேட்ட நேரம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாம் வகுப்பையே மாற்றினோம். ஊரையும் குடியையும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். சொல்வது இந்த அறைக்குள் இருக்கும் என்று சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னாரிடம் பேச வேண்டிவரும், அதையும் உங்களுக்குச் சொல்லிவிட்டே பேசுவேன் என்றும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, "உங்கள எப்பிடிக் கூப்பிடட்டும்?" அடையாள அட்டையில் ஆண் பெயர் இருக்கும் திருநங்கை, காத்திருக்கும் வாங்கில் எல்லார் முன்னாலும் அந்தப் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்க வேண்டாம்தானே. கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல், உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். வீட்டாரிடம் சொல்லிவிடு என்றும் தள்ளாதீர்கள். பிறகும் அந்த வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியது அவர்கள்தான், நீங்கள் அல்ல. நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனத்தை அவர்கள் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

ஒருமுறை அனுமதி பெறுவது பற்றிய பாடத்தில் ஒருவன் கேட்டான்: "அவங்க பேசாம இருந்தா, மௌனம் சம்மதம்தானே மிஸ்?"

"அது பொண்ணு பாக்க வந்த வீட்டுக் கதை தம்பி" என்றாய். "அங்கயும் அது பிழைதான். நம்மட மேசையில மௌனம் எண்டா வேணாம் எண்டுதான் அர்த்தம். வாயால ஓம் எண்டு வரும்வரைக்கும் வேணாம்."

களப்பயிற்சி முடிந்து திரும்பிய நாளில் அந்தப் பயந்த குரல் பிள்ளை நம் அறைக்கு ஓடிவந்தாளே. "மிஸ், ஒரு ஆள் வந்தாங்க. நான் ஊர் கேக்கல்ல. அவங்க எழும்பிப் போகல்ல." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஆவல் தாங்கவில்லை. "ஆணா பெண்ணா, என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டேன். அவள் உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். நீ என் தோளில் தட்டினாய். "கேக்காத. சொல்லாம நிக்கிறாள் பார். அவள் பாஸ்." அன்றைக்கு மூன்று பேரும் கன்டீனில் வடை தின்றோம். நீ அவளுக்கு உன் வடையையும் கொடுத்தாய்.

மாரி தொடங்கியபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய். நான் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோதும், "வகுப்பைத் தள்ளிப்போடாத, குடை அலுமாரிக்குள்ள" என்றுதான் சொன்னாய். அதற்குப் பிறகு நீ பேசி நான் கேட்கவில்லை.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையை விடவேயில்லை. பின்னேரமாக ஒருத்தி வந்தாள். சாம்பல் நிறச் சட்டை, கையில் ஒரு சிறிய பை. வளவுக்குள் நுழைந்து, பெண்கள் இருந்த பாயின் ஓரத்தில் இருந்தாள். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. உன் மாமி ஒருவர், மிகவும் நல்லவர், அவள் பக்கமாகச் சரிந்து, தோளைத் தடவி, அன்பாகத்தான் கேட்டார்: "எந்த ஊர் பிள்ள? ஆர்ட மகள்?"

அவள் ஏதோ சொன்னாள். இன்னொரு மாமியும் திரும்பினார். "அப்ப எங்கட பிள்ளைய எப்பிடித் தெரியும்?"

அவள் எழும்பினாள். "தலையிடி. வாறன்" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நீ குடையைப் பிடித்ததைப் போலவே அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். அம்மாவின் கையை மெதுவாக விடுவித்துவிட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு நான் பின்னால் போனேன். படலைக்கு வெளியே நின்றாள். கோப்பையைக் கொடுத்தேன். பெயர் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியுமே. தெரியும் என்றும் காட்டிக்கொள்ளவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன். ஏறும்போது கோப்பையைத் திருப்பித் தந்தாள். "கராம்பு போட்ட தேத்தண்ணியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். "எனக்கு அப்பிடி மணக்குது" என்றாள். பஸ் போய்விட்டது.

இனி, நான் எழுத வந்த விசயம்.

இந்தக் கிழமை, நம் நிறுவனத்தை நடத்தும் மெடம் என்னைக் கூப்பிட்டார். புதிய மாணவர் அணிக்கான நேர அட்டவணை மேசையில் கிடந்தது. மெடத்தை உனக்குத் தெரியும். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். உன் நினைவாக அறைக்கு முன்னால் ஒரு செவ்வரத்தை நட்டு, தானே தண்ணீர் ஊற்றுகிறார். "இந்த அரை நாளை முதியோர் பராமரிப்புக்குக் குடுப்பமா?" என்றார். "நீங்க தனிய நிண்டு கஸ்டப்படுறீங்க. நம்மட பக்கம் அப்பிடி ஆக்களும் இல்லையே பிள்ள. நான் இவ்வளவு காலம் களத்தில நிண்டிருக்கிறன், ஒருத்தரும் வந்ததில்ல. இருந்தா ஒரு ஆளைக் காட்டுங்க, பாப்பம்."

உன் பெயர் என் வாய்வரை வந்து நின்றது. சன்னலுக்கு வெளியே உன் செவ்வரத்தை பூத்திருந்தது. ஒரு வசனம் போதும், அந்த அரை நாள் ஒருநாளும் அட்டவணையிலிருந்து போகாது. மெடம் அழுவார். நாளைக்கு மனம் தாங்காமல், நல்லெண்ணத்தோடே, யாரிடமோ சொல்லிவிடுவார். உன் தங்கச்சிக்கு இப்போதுதான் ஓரிடத்தில் பேச்சு நடக்கிறது. அதையும் மெடம்தான் எனக்குச் சொன்னார்.

பெயரை விழுங்கிக்கொண்டேன். "வந்தவங்க எழும்பிப் போயிருப்பாங்க, மெடம்" என்றேன். "எழும்பிப் போனவங்களை நாம எண்ணுறதில்ல."

அவருக்கு விளங்கவில்லை. பிறகு, எங்கிருந்து வந்ததோ, என் குரல் வெளியே வந்தது: "திங்கட்கிழமை வகுப்புக்கு நீங்க வாங்க மெடம். நடிபாகத்தில சமூகப்பணியாளரா நீங்க இருங்க. அதைப் பாத்திட்டு முடிவெடுங்க."

"நானா?" என்று சிரித்தார். "அப்ப கதிரையில ஆர்?"

"நான்."

மெடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்களுக்கு முன்னால் என் பேர் சொல்லவே தடுமாறுகிறவள் நான். "சரி, வாறன்" என்றார்.

ஆகவே நாளை மறுநாள் அந்தக் கதிரையில் நான் இருக்கப்போகிறேன். உன் குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொள்வேன். மெடம் தன் அன்பு முழுவதையும் திரட்டி, எந்த ஊர் பிள்ள, ஆர்ட மகள் என்று கேட்பார். அவர் வேறெதையும் கேட்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முறை சொல்லுவார். நான் எழும்பிப் போகவேண்டும். மூத்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எழும்பிப் போனவள் அல்ல நான்; கால் வருமோ தெரியாது. நேற்று வீட்டில் யாரும் இல்லாத நேரம் கதிரையிலிருந்து எழும்பிக் கதவுவரை நடந்து பார்த்தேன். எழும்புவது கடினமில்லை. கதவைத் திறந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் கடினம். நீ எப்படிச் செய்தாய்?

உன்னிடமிருந்து என்னோடு மிஞ்சியிருப்பவை பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பைக்குள் கராம்பு. யார் எதிரில் வந்து இருந்தாலும் நாக்கு நுனிக்கு வரும் அந்த ஊர்க் கேள்வியை விழுங்கிக்கொள்ளும் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ஒவ்வொரு முறையும் நீதான் வந்து நிற்கிறாய். பாதையில் நான் சொன்ன "ஓம்" இன்னும் என்னோடுதான் நிற்கிறது. அதை எங்கும் இறக்கி வைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம், துணிவு வரவில்லை. பதில் வராது என்று தெரியும். பயப்படாதே, நீ பேசாமல் இருந்தால் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன். நம் மேசையின் விதி உனக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் கேட்டு வைக்கவாவது விடு. திங்கட்கிழமை நான் எழும்பிப் போய், திரும்பி வந்து கதவில் நின்று, ஏன் போனேன் என்று கேட்ட பிறகும் மெடத்தின் முகத்தில் ஒன்றும் அசையாவிட்டால், அவர் ஒருவரிடம் மட்டும், மற்றவர்கள் போன பிறகு, முன்பு இதே குடையோடு இதே கதிரையிலிருந்து எழும்பிப் போனவள் நடிக்கவில்லை என்று சொல்லட்டுமா, மனே?